ஈ.சி.ஆரில் சம்மர் ட்ரிப்பா? கடலுக்கு லீவு... கரைக்கு வேலை நாள்!

பரீட்சை முடிந்தது. பிள்ளைகள் வீட்டில். ஏ.சி ரிமோட்டுக்கு தினமும் சண்டை. "எங்கயாவது போலாம்ப்பா" என்ற குரல் இரண்டாவது வாரத்தில் உரத்து ஒலிக்கும். ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ், டிராஃபிக், ரூம் வாடகை என்று யோசித்துவிட்டு, சென்னைவாசிகள் பலரும் கடைசியில் காரைத் திருப்புவது கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத்தான். திருவான்மியூரைத் தாண்டினால் இடதுகைப் பக்கம் கடல் கூடவே வரும். மதியம் நல்ல மீன் சாப்பாடு. இதுதான் ப்ளான்.

அந்த மதிய சாப்பாட்டில்தான் விஷயமே இருக்கிறது.

வழியோர ஹோட்டல் வாசலில் 'இன்றைய ஸ்பெஷல் ஃப்ரெஷ் வஞ்சிரம்' என்று போர்டு தொங்கும். "ஃப்ரெஷ்தானாண்ணா?" என்று கேட்டால், "காலையில வந்ததுங்க" என்று பதில் வரும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. காலையில்தான் வந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. எதிரே தெரிகிற கடலிலிருந்து வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஏனென்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலம்!

61 நாள் லீவு, சம்பளம் இல்லாத லீவு

மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் இது. சினை மீன்களையும் குஞ்சுகளையும் இழுவலைகள் அள்ளிவிடக் கூடாது என்பதற்காக இந்தத் தடை. முதலில் 45 நாளாக இருந்தது, பிறகு 61 நாளாக நீண்டது. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு கணக்கும் உண்டு. சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஒரு தேதி, அதே மாவட்டத்தின் குளச்சல் பக்கம் இன்னொரு தேதி.

அதனால், மே மாதம் முழுக்க சென்னைத் தட்டில் விழுகிற பெரிய மீன்களில் கணிசமானவை கேரளா, கர்நாடகா பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்தவை. இல்லையென்றால் குளிர்பதனக் கிடங்கில் இருந்தவை. ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு கரையும் மூடியிருக்கும். மீன் விலையைக் கேட்டால் தலைசுற்றும் இரண்டு வாரம் அதுதான்.

தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய் சொச்சம். ஈ.சி.ஆர் கஃபேக்களில் ஒரு கோல்டு காபியின் விலையே அதைத் தாண்டிவிடும்.

படகில் போகிறவர்களோடு இது நிற்பதில்லை. ஐஸ் உடைப்பவர், பெட்டி தூக்குபவர், ஏலம் விடுபவர், ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் அம்மாக்கள் என எல்லோருக்கும் அதே 61 நாள்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம் வாங்க வேண்டிய மாதங்களும் இவைதான்.

அப்படியானால் கடற்கரைப் பக்கம் மீனே சாப்பிடக் கூடாதா? தாராளமாகச் சாப்பிடலாம். தடை விசைப்படகுகளுக்குத்தான். வள்ளம், கட்டுமரம், ஃபைபர் படகு போன்ற நாட்டுப் படகுகள் கரையோரமாகப் போய் வருகின்றன. விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அவர்கள் கொண்டுவருவது நெத்திலி, மத்தி, காரப்பொடி, கிழங்கான், நண்டு என அன்றைக்குக் கிடைத்தது. மெனு கார்டில் பெரிய எழுத்தில் இருக்காது. ஆனால், நிஜமான ஃப்ரெஷ் அதுதான், விலையும் வஞ்சிரத்தைவிடக் குறைவு. மீன் விற்கும் அக்காவிடம் "இது நாட்டுப் படகு மீனாக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். 'வெளியூர் வண்டி' என நினைத்து ஏறெடுத்தும் பார்க்காதவர்கூட, கூடையை உங்கள் பக்கம் திருப்புவார்.

கருவாட்டையும் மறந்துவிட வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பிடித்து, இந்த வெயிலில் மணலிலும் வலையிலும் காயவைத்து எடுத்தது. தடைக்காலத்தில் பல வீடுகளின் கையிருப்பே அந்தக் கருவாட்டு மூட்டைதான். கார் நாறும் என்று பயந்தால், மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம்.

உப்புக்கு சீஸன்

சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை கடலோரமாகவே போனால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டுகிற தூரமில்லை. நான்கு நாள் இருந்தால் நல்லது. கத்திரி வெயிலில் ஒரே ஒரு விதியைக் கறாராகப் பிடித்துக்கொண்டால் போதும். காலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும், பதினொரு மணிக்கு நிழலில் இருக்க வேண்டும். மறுபடி வெளியே வருவது நான்கு மணிக்குமேல்.

மாமல்லபுரம் ஆறு மணிக்கே திறந்துவிடும். பத்து மணிக்குப் பாறை கொதிக்கும்போது போய் நின்று, 'அர்ச்சுனன் தபசு' செய்வதற்குப் பதில் நாம் செய்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ராஜசிம்மன் காலத்துக் கடற்கரைக் கோயிலில் விடிகாலை வெளிச்சம் விழுவதைப் பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். கடப்பாக்கம் அருகே ஆலம்பறைக் கோட்டையும் வழியில்தான். முகத்துவாரத்தின் கரையில் இடிந்து நிற்கும் 18-ம் நூற்றாண்டுக் கோட்டை. கூட்டம் குறைவு, நிழலும் குறைவு.

காரை நிச்சயம் நிறுத்த வேண்டிய இடம் மரக்காணம். பெரும்பாலான கார்கள் இங்கே நிற்பதே இல்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம். சும்மா பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கொஞ்சம் நின்று பார்த்தால் ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு நிறம். உப்புநீரை முதலில் பெரிய பாத்திகளில் விட்டு வெயிலில் வற்றவிடுகிறார்கள். அது கெட்டியான பிறகு சிறிய பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். அங்கேதான் உப்பு பூக்கும். நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் அதை வாரி, வரப்பில் குவித்து வடியவிடுவார்கள். வெயில் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு விளைச்சல். 'என்னா வெயிலு' என்று நாம் காருக்குள் புலம்பும் அதே வெயில்தான் இங்கே மூலதனம்.

ஆனால், அந்த வெயிலில் நின்று வாருவதும் மனிதர்கள்தான். அதனால் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். சூரியன் உச்சிக்கு வரும்போது தரையிலிருந்தும் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். உப்புநீரில் மணிக்கணக்காக நிற்கும் கால்களின் பாதம் வெடித்திருக்கும். காலை ஏழு மணிக்குப் போனால் வேலையைப் பார்க்கலாம். பத்து மணிக்குப் போனால் உப்புக் குவியலை மட்டும்தான் பார்க்கலாம்.

கோடை மழை என்றால் நமக்கெல்லாம் கொண்டாட்டம். உப்பளத்தில் அது நஷ்டம். வாரத் தயாராக இருக்கும் பாத்தியில் ஒரு மழை பெய்தால் கரைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மழைக்காலம் வந்துவிட்டால் வேலையே கிடையாது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை அரசு அறிவித்தது. மீனவருக்குக் கோடையில் அடுப்பு அணைகிறது, உப்பளத் தொழிலாளிக்கு மழையில். ஒரே சாலையின் ஓரத்தில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு காலண்டர்கள்!

பாத்தி வரப்பில் ஏறும் முன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வரப்பு மண் இளகியது, மிதித்து உடைத்தால் உப்புநீர் வெளியேறிவிடும். செல்ஃபி எடுக்கும் ஆர்வத்தில் இது பலருக்குத் தெரிவதில்லை.

குளிக்கும் முன் ஒரு நிமிஷம்

புதுச்சேரியைப் பற்றிச் சொல்ல எதுவும் புதிதாக இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த ஊர். ஆனால், கடலில் இறங்குவது பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். கோடை விடுமுறையில் கடலில் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் செய்தி வராத வருடமே இல்லை. அலை வரிசையாக உடையும் இடங்களுக்கு நடுவே, அலையே இல்லாமல் அமைதியாக ஒரு பட்டை தெரியும். 'இங்கே அலை கம்மி, பசங்க குளிக்கட்டும்' என்று நாம் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் வேகமாக ஓடும் வாய்க்கால் அது. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துப் போகும். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். கணுக்கால் அளவு நீருக்கு மேல் பிள்ளைகளைத் தனியாக விடாமல் இருப்பது அதைவிட எளிது.

புதுச்சேரியில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் முதலில் போக வேண்டியது பிச்சாவரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அலையாத்திக் காடு, 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. மோட்டார் படகு சத்தத்தோடு பெரிய கால்வாயில் சுற்றிக்காட்டும். துடுப்புப் படகுதான் வேர்கள் தொங்கும் குறுகிய கால்வாய்களுக்குள் நுழையும். மே மாதத்தில் இயற்கையாகவே குளிர்ச்சியான இடம் இந்தச் சாலையில் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கால்வாய்தான். 2004 சுனாமியில் இந்தக் காடு பின்னாலிருந்த கிராமங்களுக்குக் கேடயமாக நின்றதைப் படகுக்காரர்கள் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே போகலாம்.

அடுத்து தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்க் வாழ்ந்த தெரு, கடல் அரித்தெடுத்த மாசிலாமணிநாதர் கோயில் எல்லாமே நடந்து பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. மாலை ஐந்து மணி சரியான நேரம். வரலாறு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம், இல்லையென்றால் கோட்டை மதில் மீது உட்கார்ந்து காற்று வாங்கினாலே போதும்.

நாகையில் நிற்கும் படகுகள்

இரவு நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ தங்கலாம். மூன்றாம் நாள் காலையில், தடைக்காலம் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் அக்கரைப்பேட்டை துறைமுகத்துக்குப் போக வேண்டும். கடுவையாற்றின் இரு கரையிலும் படகோடு படகு உரசிக்கொண்டு வரிசை வரிசையாக விசைப்படகுகள். மற்ற மாதங்களில் இங்கே ஏலச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. மே மாதத்தில் கேட்பது உளி, சுத்தியல் சத்தம்.

தடைக்காலத்தில்தான் படகுக்கு வைத்தியம் நடக்கும். கரையேற்றி, அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, வலையைக் கிழிசல் பார்த்துப் பின்னி முடிக்க வேண்டும். வருமானமில்லாத இரண்டு மாதத்தில்தான் பெரிய செலவும் வருகிறது. பலருக்கு அது கடன்தான். நிழலில் உட்கார்ந்து வலை பின்னும் கைகளின் வேகத்தைப் பார்க்கும் பிள்ளைகள் மொபைலைக் கீழே வைத்துவிடுவார்கள். போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை. 2004 சுனாமியில் நாகை மாவட்டம் மட்டும் 6,000-க்கும் அதிகமான உயிர்களை இழந்தது. கேமராக்களைப் போதும் போதும் என்று பார்த்துவிட்ட கரை இது.

அங்கிருந்து வேதாரண்யம். மறுபடி உப்பளம், ஆனால் இங்கே அதற்கு வேறொரு கதையும் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய தொண்டர்கள், இதே கோடை வெயிலில் நடந்து 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். அங்கே நினைவு ஸ்தூபி இருக்கிறது. அதைத் தாண்டி கோடியக்கரை போகும் சாலையின் ஓரத்தில் இன்றைக்கும் உப்பு குவிந்திருக்கும். கோடியக்கரை சரணாலயத்தில் பூநாரைக் கூட்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், அவற்றின் சீஸன் குளிர்காலம். வெளிமான்கள் எப்போதும் உண்டு.

காலையில் பதநீர், போகப் போக நுங்கு

வேதாரண்யத்திலிருந்து தெற்கே திரும்பும் சாலை அதிகம் பேசப்படாத ஈ.சி.ஆர். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று போகும். ரிசார்ட் கிடையாது, கஃபே கிடையாது. ராமநாதபுரம் மாவட்டத்தை நெருங்க நெருங்கப் பனைமரங்கள் கூடிக்கொண்டே போகும். கோடை அதற்கும் சீஸன்தான். பதநீர் குடிக்க வேண்டுமென்றால் காலையிலேயே குடித்துவிட வேண்டும். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்குவார்கள், அப்படியும் வெயில் ஏற ஏற ருசி மாறிவிடும். மதியம் மூன்று மணிக்கு ஜில்லென்று, தித்திப்பாக, நுரை பொங்க யாராவது நீட்டினால் கொஞ்சம் யோசித்துக் குடிக்கவும். நுங்குக்கு அந்தக் கவலை இல்லை. கண்ணெதிரே சீவித் தருவார்கள்.

மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா கோபுரம் கடலைப் பார்த்து நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர்கள் ஜெயித்ததற்காகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு இங்கே ஏன் கோபுரம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எதிரே இருக்கும் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக்களின் பாதுகாப்பகமாக 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. கடற்புல் மேயும் அந்தச் சாதுவான பிராணியைக் கரையிலிருந்து பார்ப்பது நடக்காத காரியம். ஆனால், அது வலையில் சிக்கினால் வலையை அறுத்துக் கடலில் திருப்பி விட்டவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள்தான்.

கரைவலை இழுக்கும் நேரம்

பாம்பன் பாலத்தில் காரை நிறுத்தி வேடிக்கை பார்ப்பது எல்லோருக்கும் ஆசை, பின்னால் வரும் பஸ்காரருக்குத்தான் அவஸ்தை. 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்தாகத் தூக்கும் புதிய ரயில் பாலத்தைக் கீழே பாம்பன் ஊருக்குள் இறங்கியும் பார்க்கலாம்.

நான்காம் நாள் விடிகாலையில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஓர் ஊரையும், ஊருக்குள் வந்துகொண்டிருந்த ரயிலையும் விழுங்கியது. இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வரிசை நிற்கிறது. அதைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017-ல் தார்ச்சாலை வந்துவிட்டது. செல்போன் திடீரென்று 'இலங்கைக்கு நல்வரவு' என்று மெசேஜ் காட்டினால் பதற வேண்டாம், ரோமிங்கை மட்டும் அணைத்துவிடவும். இங்கே கடலில் குளிப்பது ஆபத்து, மாலையில் சீக்கிரமே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். வலையைச் சிறு படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டு, அதன் இரண்டு நுனிக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு குழுக்கள் இழுப்பார்கள். இன்ஜின் கிடையாது, அதனால் தடைக்காலத்திலும் நடக்கும். ஒரு பாடு முடியச் சில மணி நேரம் ஆகும். இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கி வரும். கடைசியில் மடி கரையேறும்போது உள்ளே கூடைக் கணக்கில் மீன் இருக்கலாம், ஒரு கை அளவு நெத்திலியும் நாலு நண்டும் மட்டும்கூட இருக்கலாம். கிடைத்ததை இழுத்தவர்களுக்கெல்லாம் பங்கு போடுவார்கள். கேட்டால், பிள்ளைகளையும் கயிறு பிடிக்க விடுவார்கள். ஐந்து நிமிஷத்தில் உள்ளங்கை சிவந்துவிடும்.

அங்கேயே ஒரு பங்கை வாங்கி, ராமேஸ்வரத்தில் சமைத்துத் தரும் மெஸ் ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கலாம். வஞ்சிரம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் தேதியைச் சொல்லிவிடுங்கள். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸும் டீசலும் ஏற்றி, புதுப் பெயின்ட் வாசனையோடு படகுகள் கிளம்பும். அவை மீனோடு கரை திரும்பும்போது, இந்தப் பிள்ளைகள் புது வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.